மாநகரில் எழுத்துப் பயிற்சியும் கிறிஸ்தவ விசுவாசமும்

நியூயார்க் மாநகரின் தென்பகுதியில் பார்க் ரோ என்றொரு வீதி உண்டு. 1850களின் இறுதியில் 'நியூயார்க் டைம்ஸ்' செய்தித்தாள் அவ்வீதியில் தனக்கென ஒரு பெரிய கட்டடத்தை எழுப்பியது. அந்நிலத்தில் அதற்கு முன் நின்றது ஒரு தேவாலயம். செங்கற்களால் கட்டப்பட்டதால் 'செங்கல் ஆலயம்' என்றே பெயர்பெற்ற பிரஸ்பித்தேரியன் சபையின் ஆலயம் அது. சபையார் நிலத்தை விற்றுவிட்டு, நகரின் வடபகுதிக்குப் பெயர்ந்து 1858இல் வேறோர் ஆலயத்தில் வழிபடத் தொடங்கினர். பிரசங்கபீடம் இருந்த இடத்தில் செய்தி மேசை வந்தமர்ந்தது என்று இதனைச் சிலர் துயரத்தோடு எடுத்துரைப்பதுண்டு. நமக்கு அவ்வளவு துயரம் இல்லை. எனினும் பிரசங்கபீடத்துக்கும் செய்தி மேசைக்கும் உள்ள உறவு என்ன என்னும் வினாவை அந்த நிலம் எழுப்பத்தான் செய்கிறது. எழுத்தையும் பதிப்புத் தொழிலையும் பெருநகரத்திலேயே தங்கிக் கற்க வேண்டுமென்று கிறிஸ்தவக் கல்வி நிறுவனங்கள் வகுத்த பயிற்சித் திட்டங்களைப் பற்றி இக்கட்டுரையில் சிறிது ஆராய்வோம். ஊழியத்துக்கு ஆயத்தமாகும் மாணவர்களில் எழுத்தார்வம் கொண்டோர் சிலர் நம்மிடம் வந்து ஆலோசனை கேட்பதே இதற்குக் காரணம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். நியூயார்க்கின் பதிப்புலகம் விசுவாசத்துக்குப் புறம்பாகப் பிறந்த ஒன்றன்று. மெதடிஸ்டு சபையின் நூல் வெளியீட்டகம் 1804இல் பிலடெல்பியாவிலிருந்து இந்நகருக்கு வந்தது. அமெரிக்க வேதாகமச் சங்கம் 1816இலும், அமெரிக்கத் துண்டுப்பிரதிச் சங்கம் 1825இலும் இங்கேதான் தோன்றின. 1817இல் அச்சகம் தொடங்கிய ஹார்ப்பர் சகோதரர்கள் மெதடிஸ்டுக் குடும்பத்தார். இன்றோ நிலை தலைகீழ். அவர்கள் நிறுவிய பதிப்பகம் 1987இல் ஒரு பன்னாட்டுச் செய்தி நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. அடுத்த ஆண்டே அது கிராண்ட் ராப்பிட்சில் இருந்த ஸோண்டர்வன் என்னும் கிறிஸ்தவப் பதிப்பகத்தை விலைக்கு வாங்கிற்று. வேதாகமச் சங்கமும் 2015இல் நியூயார்க்கை விட்டுப் பிலடெல்பியாவுக்குப் பெயர்ந்துவிட்டது. திருச்சபை வளர்த்த தொழில் திருச்சபையைவிடப் பெரிதாய் வளர்ந்து, பின்னர் திருச்சபையின் நூல்களையே தன் சரக்குகளில் ஒன்றாக வைத்துக்கொண்டது எனலாம்.

இந்நிலையில், கிறிஸ்தவ மாணவர் இத்தொழிலுக்குள் எவ்வாறு நுழைவது என்பது இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கத் திருச்சபையாரை வாட்டிய வினா. அங்குள்ள கிறிஸ்தவக் கல்லூரிகள் பெரும்பாலும் சிற்றூர்களில் அமைந்தவை. மாணவன் நான்கு ஆண்டுகள் தன்னைப் போன்றவரிடையே மட்டும் வாழ்ந்து, கல்லூரிப் பத்திரிகையில் கல்லூரிச் செய்திகளை எழுதி வெளியேறுவான். அவனுக்குப் பதிப்பாசிரியரின் கதவு எப்படித் திறக்கும்? 1976இல் இக்கல்லூரிகள் ஒன்றுகூடி ஒரு கூட்டமைப்பை நிறுவி, வாஷிங்டன் நகரில் ஒரு பருவக் கல்வித் திட்டத்தைத் தொடங்கின. ஒரு பருவம் மட்டும் மாணவன் தலைநகரில் தங்கி, சில நாள் வகுப்பிலும் சில நாள் அலுவலகத்திலும் இருப்பான். மதிப்பெண் அவனுடைய சொந்தக் கல்லூரியிலேயே சேரும். இதே முறையில் 1991இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் திரைப்படக் கல்விக்கான திட்டம் தோன்றியது. பத்திரிகைத் தொழிலுக்கென 1999இல் 'வேர்ல்ட்' வார இதழைச் சார்ந்து ஒரு பயிற்சி நிறுவனம் தோன்றி, சில ஆண்டுகள் நியூயார்க்கிலேயே வகுப்புகளை நடத்தியது.

இவற்றுள் நம் கவனத்தை மிகுதியாகக் கவர்வது நியூயார்க்கில் இருந்த 'கிங்ஸ்' கல்லூரி. 1938இல் பெர்சி கிராஃபோர்டு என்னும் வானொலி நற்செய்தியாளர் அதனை நிறுவினார். பல இடங்கள் மாறிய அக்கல்லூரி, கடன்பட்டு 1994இல் மூடப்பட்டது. பின்னர் 1999இல் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் வாடகை அறைகளில் மறுபடியும் உயிர் பெற்றது. புல்வெளியும் மணிக்கூண்டும் இல்லாத கல்லூரி அது. மாணவர் மின்தூக்கியில் ஏறி வகுப்புக்குப் போனார்கள். 2012இல் பங்குச் சந்தைக்கு அருகில் பிராட்வே வீதிக்கு மாறியது. பிற கிறிஸ்தவக் கல்லூரிகளின் மாணவர்களும் ஒரு பருவம் வந்து தங்கிப் பத்திரிகைத் தொழிலைப் பயிலும் திட்டத்தை அது நடத்தி வந்தது.

மேசையருகே கற்பது

இத்தகைய பயிற்சியில் மாணவன் உண்மையில் என்ன கற்கிறான்? அழகிய நடையை அன்று. நம் மாணவர்கள் பலர் அவ்வாறே எண்ணுகிறார்கள். எழுத்துப் பயிற்சி என்றதும் உவமையும் அடுக்குமொழியும் நினைவுக்கு வருகின்றன. பதிப்பக அலுவலகத்தில் புதிதாய் வரும் மாணவனுக்குக் கொடுக்கப்படும் வேலை வேறு. அழையாமல் வந்து குவிந்த கையெழுத்துப் பிரதிகளை வாசித்து, ஒவ்வொன்றையும் பற்றி ஒரு பக்கம் எழுதுதல், மெய்ப்புத் திருத்துதல், அட்டையின் பின்புறத்துக்குரிய நான்கு வரிகளை ஆறு முறை எழுதி ஆறு முறையும் அடிபட்டு வருதல் ஆகியவையே அவனுடைய நாட்களை நிரப்புகின்றன. செய்தித்தாளிலோ வார இதழிலோ எனில் பிறர் எழுதிய கட்டுரையைக் கையில் கொடுத்து, அதிலுள்ள பெயர், வயது, ஆண்டு, தொகை ஒவ்வொன்றின் கீழும் கோடிடச் சொல்வர். பின்பு ஒவ்வொரு கோட்டுக்கும் அவன் விடை காண வேண்டும். இவருடைய பெயரில் எழுத்துக்கூட்டல் சரியா? இந்தச் சாலை அந்த ஆற்றுக்குக் கிழக்கா, மேற்கா? இத்தொகையைச் சொன்னவர் யார், அவர் அறியக்கூடிய நிலையில் இருந்தவரா? தொலைபேசியில் அழைத்துக் கேட்பான், ஆவணக்காப்பகத்துக்கு நடப்பான். ஒரு நாள் முழுவதும் உழைத்து ஒரு சொல்லை மாற்றுவான்.

இதனைச் சிறுமையான வேலை என்று எண்ணும் இறையியல் மாணவர், லூக்கா தம் நற்செய்தி நூலின் முதல் நான்கு வசனங்களில் சொல்வதை மீண்டும் நோக்க வேண்டும். தமக்கு முன் பலர் எழுதியிருப்பதை அவர் அறிந்திருந்தார். கண்ணாரக் கண்டவர்கள் யார் என்பதை அறிந்திருந்தார். தொடக்கமுதல் யாவற்றையும் ஆராய்ந்த பின்னரே தெயோப்பிலுவுக்கு எழுதுவதாகச் சொல்கிறார். தெய்வ ஏவுதல் அவரை விசாரணையிலிருந்து விடுவிக்கவில்லை. இது நம் வகுப்புகளில் போதிய அளவு சொல்லப்படுவதில்லை என்பது நம் கருத்து.

இங்கே நம் சொந்தத் தவறு ஒன்றையும் சொல்லிவிடுவது நலம். பல ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு சேகரத்தில் பணியாற்றியபோது, முதிர்ந்த உபதேசியார் ஒருவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மாத இதழுக்கு அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினோம். நன்றாகவே எழுதினோம் என்றே எண்ணியிருந்தோம். அவருடைய பிறந்த ஊரையும் ஞானஸ்நானம் பெற்ற ஆண்டையும் அடக்க ஆராதனையில் யாரோ சொல்லக் கேட்டு எழுதியிருந்தோம். இரண்டும் தவறு. பதினைந்து நாள் கழித்து அவருடைய மூத்த மகள் பழைய ஞானஸ்நானச் சான்றோடு வந்து நின்றார். "ஐயரவர்களே, அப்பா எந்த ஊரிலிருந்து துரத்தப்பட்டு வந்தார்கள் என்பதுதான் அப்பாவின் சாட்சி. நீங்கள் அவர்களைத் துரத்தியவர்களின் ஊரிலேயே பிறக்க வைத்துவிட்டீர்கள்" என்றார். கோபம் இல்லாமல்தான் சொன்னார். அடுத்த இதழில் திருத்தம் இட்டோம். ஆனால் முதல் இதழை வாசித்தவர் எல்லாரும் அடுத்த இதழை வாசித்தார்கள் என்று யார் சொல்ல முடியும்? நமக்கு எபிரேயமும் கிரேக்கமும் கற்பித்தார்கள். ஒரு மனிதனின் ஊரை அவன் வீட்டாரிடம் கேட்டு எழுது என்று யாரும் கற்பிக்கவில்லை.

பிரசங்கியாருக்கும் எழுத்தாளனுக்கும் உள்ள ஒரு வேறுபாடும் இப்பயிற்சியில் விளங்கிவிடுகிறது. ஆலயத்தில் நாம் பேசும்போது சபையார் எழுந்து போவதில்லை. போக விரும்பினாலும் மரியாதை தடுக்கிறது. வாசகன் அப்படியல்லன். இரண்டாம் வரியில் அவன் பக்கத்தைப் புரட்டிவிடுவான். பிரதிகளின் குவியலில் அமர்ந்து மற்றவர் எழுதியதைப் பொறுமையிழந்து வாசித்தவனே தன் எழுத்தையும் அந்தப் பொறுமையற்ற கண்ணோடு காண்பான்.

ஒரு நிருபரும் ஒரு சாவும்

கிங்ஸ் கல்லூரி தன் பத்திரிகைப் பயிற்சி நிலையத்துக்கு மெக்காண்டிலிஷ் ஃபிலிப்ஸ் என்பவரின் பெயரைச் சூட்டியது. இவர் கல்லூரிப் படிப்பு இல்லாதவர். 1952இல் நியூயார்க் டைம்ஸ் அலுவலகத்தில் தாள்களை மேசைக்கு மேசை எடுத்துச் செல்லும் ஏவலாளாகச் சேர்ந்து, பின்பு அந்நாளிதழின் மிகச் சிறந்த நிருபர்களில் ஒருவராக உயர்ந்தார். தம் மேசைமேல் எல்லாரும் காணும்படி வேதாகமத்தை வைத்திருந்தார். 1973இல் வேலையை விட்டுவிட்டுச் சிறியதொரு சபையின் ஊழியத்தில் ஈடுபட்டார். 2013ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தமது 85ஆம் வயதில் காலமானார்.

அவர் எழுதியவற்றுள் மிகுதியாக நினைக்கப்படுவது 1965ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் முதற்பக்கத்தில் வெளிவந்த கட்டுரை. டேனியல் பர்ரோஸ் என்னும் 28 வயது இளைஞன், முன்பு அமெரிக்க நாசிக் கட்சியில் இருந்தவன். அப்போது கூ கிளக்ஸ் கிளான் இயக்கத்தில் நியூயார்க் மாநிலத்தின் தலைவன். யூதரை அழிக்க வேண்டுமென்று பேசித் திரிந்தவன். அவன் யூதப் பெற்றோருக்குப் பிறந்து, யூதனாகவே வளர்க்கப்பட்டவன் என்ற செய்தி நாளிதழுக்கு எட்டியது. ஃபிலிப்ஸ் பதிவேடுகளைத் தேடினார். பெற்றோரின் திருமணத்தை யூத சமயகுரு ஒருவர் நடத்திவைத்தார் என்பதற்குச் சான்று கிடைத்தது. அதோடு அவர் நிறுத்தவில்லை. குவீன்ஸ் பகுதியில் முடிதிருத்தும் கடையொன்றில் பர்ரோஸைக் கண்டு, நேரில் அமர்ந்து பேசி, தாம் அறிந்ததை அவன் முகத்துக்கு முன் கேட்டார். இதை வெளியிட்டால் கொன்றுவிடுவேன் என்று அவன் மிரட்டினான். அதே உரையாடலில் ஃபிலிப்ஸ் அவனிடம் நற்செய்தியையும் பேசினார். அவன் வாழும் வாழ்க்கையிலிருந்து வெளியேற வழி உண்டென்றார். கட்டுரை வெளிவந்த ஞாயிற்றுக்கிழமையே பென்சில்வேனியாவில் ரெடிங் நகரில் நண்பன் ஒருவனின் வீட்டில் பர்ரோஸ் தன்னையே சுட்டுக்கொண்டு இறந்தான்.

கிறிஸ்தவ எழுத்துப் பயிற்சியைப் பற்றிப் பேசுவோர் இந்நிகழ்ச்சியை விசுவாசமுள்ள நிருபரின் வெற்றியாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அவ்வளவு எளிதில் முடிக்கக்கூடியதன்று இது. அக்கட்டுரை வெளிவந்தது சரியே என்பது நம் கருத்து. பிறரின் சாவை அறைகூவிப் பேசும் தலைவன் ஒருவனுடைய பொய், ஊரார் அறிய வேண்டிய பொய். அவன் பிறப்பு மட்டும் செய்தியாயிருந்தால் அதை வெளியிடுவது கொடுமை. அவன் பிறப்பை மறைத்துக்கொண்டு அப்பிறப்பினரை அழிக்கச் சொன்னதே செய்தி. ஆனால் அக்கட்டுரை சரியாயிருந்தது என்பதால் அந்தச் சாவு இல்லாமற் போய்விடுவதில்லை.

போதகராகிய நமக்கு இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஒரு மனிதன் தன் இரகசியத்தோடு நம்முன் அமரும்போது நாம் அதைக் காக்கக் கடமைப்பட்டவர்கள். நிருபரோ அதை எழுதக் கடமைப்பட்டவர். ஃபிலிப்ஸ் ஒரே மேசையில் இரண்டு கடமையையும் எடுத்துக்கொண்டார்: குறிப்புச் சுவடியும் நற்செய்தியும். எதிரே இருந்தவனுக்கு அந்த அழைப்பு எவ்வாறு கேட்டிருக்கும்? உன்னை நான் நாளை வெளிப்படுத்துவேன், ஆயினும் மனந்திரும்பு என்று கேட்டிருக்குமோ? நாத்தான் தீர்க்கதரிசி தாவீதின் முன் நின்றதை இதற்கு ஒப்பிடுவோர் உண்டு. நாத்தான் அரசனிடம் நேரே சொன்னார், ஊராருக்கு அச்சிடவில்லை. எனினும் அது பின்னர் எழுதப்பட்டு இன்று நம் கையில் இருக்கிறது என்பதையும் மறுக்க முடியாது. இதில் நமக்கு முழுத்தெளிவு உண்டென்று சொல்லத் துணியோம். இவ்வினாவைத் தனியே சுமக்காமல், சக விசுவாசிகளோடும் அனுபவமுள்ள ஆசிரியரோடும் அமர்ந்து விவாதிக்க ஓர் இடம் வேண்டும் என்பது மட்டும் தெளிவு. விசுவாச அடிப்படையிலான பயிற்சிக்கு நாம் காணும் முதன்மையான நியாயம் இதுவே. மெய்ப்புத் திருத்தக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1912 முதல் நடந்துவரும் பத்திரிகைப் பள்ளியிலும் கற்கலாம். அங்கு நன்றாகவே கற்பிக்கிறார்கள். ஒரு சாவுக்குப் பின் ஜெபிக்கக் கற்பிப்பது அவர்கள் பாடத்திட்டத்தில் இல்லை.

வாடகை

இத்திட்டங்களின் குறைகளையும் மறைக்கலாகாது. ஒன்று, மாணவர் மாநகரின் நடுவிலும் தம் கூட்டத்தாரோடே உண்டு, உறங்கி, தம் கூட்டத்தாரின் ஆலயத்துக்கே சென்றுவருதல். அப்படியாயின் நகரத்துக்கு வந்த பயன் என்ன? மற்றொன்று, அலுவலகப் பயிற்சிக்கு ஊதியம் பெரும்பாலும் இல்லாமையால், பணமுள்ள வீட்டுப் பிள்ளைகளே நியூயார்க்கில் நான்கு மாதம் தங்க முடிந்தது. ஏழைகளைப் பற்றி எழுதக் கற்றவர்களில் ஏழைகள் குறைவு.

இதற்கு மாறான ஒரு வழியை அதே நகரில் டோரத்தி டே என்னும் அம்மையார் காட்டினார். சோஷலிசப் பத்திரிகைகளில் எழுதிப் பயின்று, பின்பு கத்தோலிக்கரான அவர், 1933ஆம் ஆண்டு மே முதல் நாள் யூனியன் சதுக்கத்தில் 'கத்தோலிக்கத் தொழிலாளி' என்னும் செய்தித்தாளை ஒரு சென்ட் விலைக்கு விற்றார். முதல் இதழ் 2500 பிரதிகள். விரைவிலேயே அப்பத்திரிகையை நடத்தியவர்கள் வேலையற்றோருக்குக் கஞ்சியும் படுக்கையும் கொடுக்கும் வீடுகளையும் நடத்தத் தொடங்கினர். அங்கு எழுதக் கற்றவன் காலையில் ரொட்டி பரிமாறிய கையாலேயே மாலையில் எழுதினான். அவனுக்குக் கட்டணமில்லை, பட்டமுமில்லை. சபைப் பிரிவு வேறானாலும் புராட்டஸ்டண்டு ஊழியர்கள் இதைக் கருதிப் பார்ப்பது நல்லது.

கிங்ஸ் கல்லூரியின் முடிவு வேறுவிதமாக அமைந்தது. உலகிலேயே விலையுயர்ந்த நிலப்பகுதிகளில் ஒன்றில் வாடகைக்கு இருந்து, மாணவர் கட்டணத்தையும் சில பெருங்கொடையாளரையும் நம்பிய நிறுவனம் அது. மாணவர் குறைந்தனர், கொடைகள் குறைந்தன. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வாண்டைக் கடக்கவே பெருந்தொகை தேவை என்று வெளிப்படையாக வேண்டுகோள் விடுத்தது. அவ்வாண்டு ஜூலையில், அடுத்த பருவத்துக்கு வகுப்புகள் இல்லை என்று அறிவித்தது, அங்கீகாரமும் போயிற்று. மாணவர் வேறு கல்லூரிகளைத் தேடிச் சென்றனர். 'வேர்ல்ட்' இதழைச் சார்ந்த பயிற்சி நிறுவனமோ அதற்கு முன்பே தன் வகுப்புகளை அயோவா மாநிலத்தில் சூ சென்டர் என்னும் சிற்றூரிலுள்ள டோர்ட் கல்லூரிக்கு மாற்றியிருந்தது. சோள வயல்கள் சூழ்ந்த ஊர் அது. அங்குத் தங்குமிடச் செலவு குறைவு. ஏழை மாணவனும் வரலாம். ஆனால் பதிப்பாசிரியரின் மேசை அங்கில்லை.

ஆகவே எழுத்தார்வத்தோடு வந்து, "ஐயா, பட்டம் முடிந்ததும் சென்னைக்குப் போய்ப் பத்திரிகை படிக்கலாமா?" என்று கேட்கும் மாணவருக்கு நாம் இப்பொழுது இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்கிறோம். அங்கே உன் எழுத்தை இரக்கமின்றி அடித்துத் திருத்துபவர் யார்? நீ எழுதியதால் ஒருவன் புண்பட்டால் நீ யாரிடம் போய் அமர்வாய்? இரண்டுக்கும் விடை இருந்தால் போகலாம் என்கிறோம். முதலாவதற்கு மட்டும் விடை இருந்தாலும் போகலாம். இரண்டாவதை நாம் கடிதத்தின் மூலமாவது ஏற்றுக்கொள்ள முயல்வோம். இரண்டாவது மட்டும் இருந்தால் இங்கேயே இருப்பது மேல்.

இங்கேயே இருப்பவர்களுக்காகச் சில ஆண்டுகளாக நம் வகுப்பில் ஒரு பயிற்சியைச் சேர்த்திருக்கிறோம். ஒவ்வொரு மாணவரும் தம் சபையில் மரித்த ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். அதிலுள்ள ஒவ்வொரு பெயரையும் ஆண்டையும் சபைப் பதிவேட்டிலும் அவர் வீட்டாரிடத்திலும் விசாரித்து, யார் சொன்னது என்பதை ஓரத்தில் குறிக்க வேண்டும். சென்ற பருவத்தில் ஒரு மாணவர் தம் பாட்டனாரைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தார். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஓர் ஆண்டும், திருமணப் பதிவேட்டில் கொடுத்த வயதுப்படி அதற்கு மூன்றாண்டு முந்திய ஓர் ஆண்டும் பிறந்த ஆண்டாக இருந்தன. எதை எழுதுவது என்று கேட்டார். நாம் விடை சொல்லுமுன்னரே, இரண்டையும் எழுதி, மணமகளின் வீட்டார் கேட்ட வயதுக்காகப் பாட்டனார் கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்று பாட்டியம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னதையும் ஓரத்தில் குறித்திருந்ததைக் காட்டினார்.